கூலி என்னும் கட்டம்

நான் எஞ்சினைத் தொடுகிறவள் இல்லை,
எஞ்சினுக்கு விலை எழுதுகிறவள்.
சிலேத்தாரில், மூன்றாம் மாடியில்,
ஒரு ஜெட்டைப் பிரித்துப் பூட்ட என்ன ஆகும் என்று
கட்டம் கட்டமாக நிரப்புகிறவள்.

கழித்துப்போட்ட சுழலித் தகடு ஒன்று
என் மேசைக் காகிதங்கள் பறக்காமல் காக்கிறது.
சுண்டுவிரல் நீளம். நிக்கல் கலவை.
இருபதாயிரம் மணி நேரம் நெருப்பில் நின்றும்
ஓரத்தில் மட்டும் லேசான கறுப்பு.
துவாஸ் பழைய இரும்புக்காரர் இதற்கும்
கிலோவுக்கு நல்ல விலை தருவார்.

தணிக்கைக்கு ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஹார்ட்விக்
அதைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார், இரண்டு முறை.
"அன்றைக்கு எங்களிடம் இது இல்லை, மிஸ் செண்பா."
"தகடா?"
"நிக்கல்."

மத்தியானம் ஜாலான் காயு.
மீன்கறி சிந்திய பழுப்புத்தாளில்
காய்ந்த மூலையாகப் பார்த்து, என் பேனாவால் வரைந்தார்.
நாற்பத்து நான்காம் ஆண்டு.
துருக்கி குரோமியத்தை நிறுத்திவிட்டது.
ஃபின்லாந்தின் நிக்கல் சுரங்கம் கைவிட்டுப் போயிற்று.
ஆனாலும் ஜெட் வேண்டும்,
ஆயிரக்கணக்கில் வேண்டும்.
ஆகவே தகட்டின் உள்ளே வெற்றிடம்,
தகரம் மடிப்பது போல மடித்து.
எரியறைக்குச் சாதாரண இரும்பு,
மேலே அலுமினியப் பூச்சு.

கல்லாவில் சில்லறை போட்டு வைத்த
பால் டின்னைப் பார்த்தேன்.
"ஏறக்குறைய அதுதான்" என்றார்.

எத்தனை மணி நேரம் ஓடும்?
"பத்து. அதிர்ஷ்டமிருந்தால் இருபத்தைந்து."
திங்கள் காலை எட்டுக்கு முடுக்கினால்
செவ்வாய் ஒன்பதுக்குக் குப்பை.

நல்ல பெட்ரோல் தீர்ந்த நாட்டில்
பழுப்பு நிலக்கரியிலிருந்து பிழிந்த
மட்ட எண்ணெயைக் குடித்துப் பறந்ததாம்.
அதையும் மிச்சம் பிடிக்க
அவ்வளவு வேகமான விமானத்தை
ஓடுபாதை வரை மாடு கட்டி இழுத்தார்களாம்.
நான் சிரித்துவிட்டேன்.
அவர் பரோட்டாத் துண்டைக் கறியில் தோய்த்தபடியே இருந்தார்,
வாய்க்குக் கொண்டுபோகாமல்.

"ஆனால் மலிவு.
பழைய பிஸ்டன் எஞ்சினுக்கான வேலைநேரத்தில்
பாதிகூட ஆகவில்லை.
மலையைக் குடைந்து உள்ளே தொழிற்சாலை.
நோர்ட்ஹவுசன்."
அதை அவர் வரையவில்லை.
பேனாவை மூடித் தந்தார்.

மலிவு என்ற சொல்லை நான் நம்புவதில்லை,
சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன்.
விலை இறங்கினால்
எந்த வரியில் இறங்கியது என்று தேடுவேன்.
அன்று ராத்திரி பொங்கோல் வீட்டில் தேடினேன்.
சுரங்கத்தின் படங்கள்.
கோடு போட்ட உடுப்பு.
முகங்களில் பாதி கேமராவைப் பார்க்கவில்லை.
நிக்கல் இல்லாத இடத்தில் எதை ஊற்றினார்கள் என்று
எந்த உலோகப் பட்டியலும் சொல்லாது.

காலையில் மழை.
விரைவுச்சாலையில் லாரியின் பின்னால்
நீலத் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துப் பத்துப் பேர்.
ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
என் பேருந்து முந்திப் போனது.

மேசையில் பாதியில் நின்ற விலைப்புள்ளி.
உதிரிப்பாகம், ரசாயனம், சோதனை மேடை.
கூலி வரியில் சும்மா பூஜ்யம் தட்டினேன்.
கட்டம் சிவந்தது.
பணியாளர் பெயரின்றிச் சேமிக்க முடியாதாம்.

கணினி அவ்வளவு நல்லதொன்றும் இல்லை,
யாரோ அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.
எழுதாமலும் விட்டிருக்கலாம்.

ஸுல்கிஃப்லி போன செவ்வாய்க்கிழமையே வந்து கேட்டான்:
"அக்கா, என் ஓவர்டைம்ல அரை மணி நேரம் காணோம்."
பார்க்கிறேன் என்று சொல்லி மறந்திருந்தேன்.
அரை மணி நேரம், எட்டு வெள்ளி சொச்சம்.
மாதக் கணக்கை மூடியாகிவிட்டது,
திறக்க மேலாளர் கையெழுத்து வேண்டும்,
அவர் முகம் சுளிப்பார்.

தகட்டை நகர்த்திவிட்டு
அடியிலிருந்த படிவத்தை எடுத்தேன்.