முக் மாஃபி

மூளை இல்லை என்று அர்த்தம்.
அரபியில் எழுதினால் எப்படியோ,
ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்தில்
தமிழனும் மலையாளியும் பஞ்சாபியும்
இப்படித்தான் சொல்கிறோம்.
ஃபோர்மேன் தன் நெற்றிப்பொட்டில்
இரண்டு விரலால் தட்டிச் சொல்வான்.
பதினோரு வருஷமாக எனக்கு.
ஸ்பானரை மாற்றி எடுத்தால்.
டீ குடிக்க நின்றால்.
சும்மாவும்.

இன்று ஸ்கூலிலிருந்து போன்.
கிரீஸ் கையை டீசலில் கழுவிக்கொண்டு போனேன்.

மேசைமேல் ஒரு நீலத் தண்ணீர் பாட்டில்,
கழுத்துவரை நிறைந்து.
ரெக்சனுடையதாம். நாலாம் வகுப்பு,
என் மகன் போகும் அதே பஸ்.
ஏப்ரலிலிருந்து
இப்படியே வருகிறது, இப்படியே வீட்டுக்குப் போகிறது.
குடித்தால் பாத்ரூம் போகவேண்டும்.
பாத்ரூம் வாசலில் நவிலன் நிற்பான்.
நவிலன் என் மகன்.

வெளியே நாற்பத்து நாலு டிகிரி.
எட்டு பீரியட்,
பிறகு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.
போன வாரம் அசெம்பிளியில் விழுந்திருக்கிறான்.
சிறுநீர்த் தொற்று, இது இரண்டாவது தடவை என்று
அவன் அம்மா சொன்னார்.
அழவில்லை.
ரசீது படிப்பதுபோலச் சொன்னார்,
என் சட்டைப்பையில் தைத்திருந்த
கம்பெனிப் பெயரைப் பார்த்தபடி.

ரெக்சனுக்குத் திக்குவாய்.
'பிரசென்ட்' என்ற சொல்லில்
முதல் எழுத்தே கதவைச் சாத்திக்கொள்ளும்.
கையை மட்டும் தூக்குவானாம்.
இப்போது கையும் எழுவதில்லை.
பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே
ஆப்சென்ட் ஆகிறான்.

"உங்க பையன் அவனை என்னன்னு கூப்பிடுறான் தெரியுமா?"
டீச்சருக்குச் சொல்ல வாய் வரவில்லை.
நெற்றிப்பொட்டில்
இரண்டு விரலால் தட்டிக் காட்டினார்.

ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று
நவிலன் எழுதிய இரவில்
என் விரல் எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.
சோற்றைப் பிசைந்துகொண்டே
ஃபோர்மேன் குரலில் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.
வீடே சிரித்தது.
அவன்தான் அதிகம் சிரித்தான்,
இன்னொரு தடவை, அப்பா, இன்னொரு தடவை.

மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.
பேனாவில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.
துடைத்துத்தான் கொடுத்தேன்.

மலீஹா ரோடு சிக்னல்.
பின்சீட்டில் நவிலன்,
ஜன்னலோடு ஜன்னலாக.
திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.
முதலில் வந்து நின்றது
அதே சொல்.
விழுங்கினேன்.
அதன் பின்னால் வேறு ஏதாவது இருக்குமென்று
துழாவிக்கொண்டிருக்கிறேன்.

பச்சை விழுந்துவிட்டது.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.