கீழே ஒரு துளை

வடக்குக் காற்று அடித்தால்தான் போகிறது என்றார்
பவுதிலியோ கார்காமோ.
கரண்டைச் சொன்னார்.
சிலோயே தீவில் வடக்குக் காற்றென்றால் மழை.
அது மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் நடந்து வந்து கதவைத் தட்டும்.

கஸ்த்ரோவின் கரையில் மரக்கால்களில் நிற்கும் வீடு.
ஓதம் ஏறினால் அடியில் கடல்,
இறங்கினால் சேறு, ஒரு படகு, இரண்டு நாய்கள்.
சமையலறையின் வெளிச்சுவரில்
மீன்செதிலாய் அடுக்கிய மரச்சில்லுகளின் மேல்
அந்தச் சாம்பல்நிறப் பெட்டி.

மூடியில் அச்சிட்டிருந்தது: ஐபி 65.
ஆறு என்றால் தூசி நுழையாது.
ஐந்து என்றால் பீய்ச்சியடிக்கும் நீரும் நுழையாது.
நுழைந்திருந்தன
ஒரு சிலந்தி, அதன் குடும்பம்,
பச்சை பூத்த செம்பு,
கால் கோப்பைத் தண்ணீர்.

எண்கள் பொய் சொல்லவில்லை.
ஆலையை விட்டுக் கிளம்பியபோது அது உண்மை.
பிறகு யாரோ அதன் உச்சந்தலையில்
வெங்காயக் கத்தியால் ஒரு வாய் திறந்திருக்கிறார்கள்.

யாரோ இல்லை, நான்தான் என்றார்.

மெயினை இறக்கினேன்.
டெஸ்டர் இல்லை என்று சொன்ன பிறகும்
இன்னொரு முறை கேட்டேன்.

கூரையிலிருந்து இறங்கும் கேபிளின் முதுகில்
மழை ஏறிக்கொண்டு
நேரே பிரேக்கரின் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
துளையில் மிஞ்சிய இடத்தில்
ஒரு கம்பளிக் காலுறை திணித்திருந்தது.
உருவினேன். வந்துகொண்டே இருந்தது.
தடுக்கவில்லை அது;
வெளியே குடித்து உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தது.

அதற்குமேல் சிலிகான்.
மூடி விளிம்பில், திருகுத் தலையில், பெட்டியின் அடியில்,
கல்யாணக் கேக்கைப் போல.
"இவ்வளவு அடைத்தும் பார், எர்சிலியா!"
அடைத்ததும்தான் காரணம் என்றேன்.
பகலில் பெட்டி சூடாகும், இரவில் ஆறும்,
உள்ளே காற்று வியர்க்கும்.
வந்த நீருக்குப் போகத் தெரியும்.
வழிதான் இல்லை.

வேனிலிருந்து புதுப்பெட்டி எடுத்தேன்.
அதன் அடியில், தயாரித்தவர்களே குறித்த இடத்தில்,
மெல்லிய வட்டத்தைத் தட்டித் திறந்து
வடிகால் மூடியைத் திருகினேன்.
அவர் பதறிவிட்டார்.
மூடத்தானே உன்னைக் கூப்பிட்டேன்!

கேபிளும் இப்போது கீழிருந்துதான் ஏறுகிறது.
ஏறுமுன் தாழ்ந்து ஒரு வளைவு.
கிளாண்டின் ரப்பர் வளையம்
மேலுறையோடு சேர்த்துக் கவ்வியது.
இழுத்துப் பாருங்கள் என்றேன்.
முரட்டு நாயின் கயிற்றைப் பிடிப்பதுபோல் இழுத்தார்.
வரவில்லை.
வேண்டாத துளைக்கு அடைப்பான். அவ்வளவுதான்.

காலுறையைக் குப்பையில் போடப் போனேன்.
வாங்கிக்கொண்டார்.
பிழிந்து, அடுப்பின் மேல் கம்பியில் விரித்தார்.
க்ளோரிந்தா பின்னியது என்றார்.
புந்தா அரீனாஸில் நண்டு ஆலை வேலை.
போய் இரண்டு குளிர்காலம்.
இதன் ஜோடி எங்கே என்று கேட்க வாயெடுத்து
ரசீது எழுதினேன்.
பாதி பணம், பாதி உருளைக்கிழங்கு.

வேனில் ஏறும்போது வடக்கே கறுத்துவிட்டது.
மழை நடந்து வந்தது.
வளைவின் அடிவயிற்றில் ஒரு துளி சேர்ந்தது,
மேலே ஏறுமோ என்று பார்த்தேன்,
கொஞ்சம் நீண்டு,
ஓதத்தில் விழுந்தது.

சமையலறை விளக்கு எரிந்தது.
பவுதிலியோ நனைந்தபடி வெளியே வந்து
இன்னொரு முறை
கேபிளை இழுத்துப் பார்த்தார்.