நாற்பத்தேழாம் வரிசை

பாலஸ்டியர் சாலையில் விளக்குக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடியும் நான்காம் மாடியும் எங்கள் கல்லூரி.
கீழே விற்காத சரவிளக்குகள் எல்லாம் எரிகின்றன.
மேலே, சிக்கனச் சுற்றறிக்கையின்படி,
என் மேசைக்கு மட்டும் வெளிச்சம்.
சுற்றறிக்கையில் கையெழுத்து என்னுடையது.

துண்டு விழுகிறது.
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வெள்ளி.
எவ்வளவு நாசூக்கான சொல்,
தோளிலிருந்து நழுவியதைக்
குனிந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல்.

வாடகை ஏறிவிட்டது. மானியம்
மார்ச் மாதத்திலிருந்து மறுபரிசீலனையில் இருக்கிறது.
சேர்க்கை என்ற பத்தியில்
இருநூற்று நாற்பது என்று போன வருடம் நம்பினோம்.
வந்தவர்கள் நூற்றுத் தொண்ணூற்றொருவர்.
மீதிப் பேர் வேறெங்கும் போய்விடவில்லை.
பதினெட்டு வருடத்துக்கு முன்பு
பிறக்காமல் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.
அவர்களுக்கும் சேர்த்துத்தான் நாற்காலி வாங்கியிருக்கிறோம்.

முதல்வர் கோ பூன் ஹியோங் தேற்றுகிறார்:
டிராகன் ஆண்டுப் பிள்ளைகள் வரட்டும்,
இன்னும் நாலே வருஷம்.
டிராகன் படியேறி வரும்வரை
நகல் இயந்திரத்துக்கு யார் குத்தகை கட்டுவது
என்று நான் கேட்கவில்லை.
பதினோரு மாதமாக அவர்
பாதிச் சம்பளம்தான் எடுக்கிறார்.
அது அவருக்கும் எனக்கும்
சம்பளப் பட்டியலுக்கும் மட்டும் தெரியும்.

வெட்டிக்கொண்டே வந்தேன்.
வரவேற்பறைச் செடிகள். வருடாந்திர விருந்து.
குளிர்சாதனம் இருபத்து மூன்றிலிருந்து இருபத்தாறுக்கு.
நூலகத்தில் யாரும் படிக்காத இரண்டு சஞ்சிகைகள்,
ஒரே ஒருவர் படிக்கும் இன்னொன்று.
அந்த ஒருவர் நான்.

நாற்பத்தேழாம் வரிசையில் கை நின்றது.
முதியோர் பராமரிப்பு, இரவு வகுப்பு.
பதினான்கு பேர் இருந்தால் நடத்தலாம் என்பது விதி.
ஒன்பது பேர்.

நேற்று ஜுலைகா வந்தார். வாதாடவில்லை.
வருகைப் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
ஒன்பது பெயர், பதினாறு வாரம்,
ஒரு கட்டம்கூடக் காலியில்லை.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
இதை எந்தப் படியால் அளப்பது என்று சொல்லவில்லை.

அழிக்க ஒரு பொத்தான் இருந்தது.
நான் வேறொன்றை அழுத்தினேன்.
வரிசை மறைந்தது.
நாற்பத்தாறுக்குப் பிறகு நாற்பத்தெட்டு.
கூட்டுத்தொகை மட்டும் அதை மறக்கவில்லை.

காலை ஒன்பதுக்கு நிர்வாகக் குழு.
பொருளாளர் திருமதி பெஸ்தானா
எண்களைவிட இடைவெளிகளைக் கூர்ந்து படிக்கிறவர்.
கேட்பார்.
கேட்கட்டும்.

கடைசிப் பேருந்து. ஓட்டுநர் குணாளன்,
பதிவேட்டில் ஆறாவது பெயர்,
சீருடை மாற்ற நேரமில்லாமல் வகுப்புக்கு வருபவர்.
"சார், ஜூலையில ரெண்டாவது பருவம் இருக்குல்ல?"

அட்டையைத் தட்டினேன்.
சிறிய திரையில் மீதம் தெரிந்தது,
மூன்று வெள்ளி நாற்பது காசு.

இருக்கு, என்றேன்.