பெரட்டு

ஆறரைக்கே ஆ கியோங் கடையில் நாலு கோழித்தலை.
"மத்தா சாஜா?" என்றான்,
போன வாரமும் இதையே கேட்டவன்.
ஆமாம், கண் மட்டும்.
மிச்சத்தைப் பூனைக்குப் போட்டான்.

பீடோங்கில் இது மழைக்காலம்.
செம்பனை ஆலைப் புகை ஜன்னல் இடுக்கில் நுழைந்து
ஆய்வுக்கூட ஃபார்மலின் வாடையோடு
சண்டை போடுகிறது.

கண்ணை வெட்டித் திறந்து, கூழை வழித்து,
விழித்திரையை உரித்தேன்.
முட்டை ஓட்டின் உள்சவ்வைவிட மெல்லியது,
தூரிகையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
அதற்குள் எத்தனையோ லட்சம் செல்கள்.
டோபமின் சுரப்பது எது?
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

டோபமினைக் கையும் களவுமாகப் பிடிப்பது கஷ்டம்,
கழுவக் கழுவ ஓடிவிடும்.
அதனால் அதைச் செய்கிற நொதியைத் தேடுகிறோம்.
பால் ஸ்டோருக்குப் போய்விட்டது,
வாளியும் காலி,
கையில் வெட்டுக்கத்தி இருக்கிறதா?
இருந்தால் அவன் மரம் வெட்டுகிறவன்.

எதிர்ப்பொருளில் ஊறவைத்து
இரண்டு இரவு குளிர்ப்பெட்டியில்.
மூன்றாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு
லென்ஸில் குனிந்தேன்.

கறுப்பு.
கறுப்பு.
ஒன்று, பச்சையாக.
வெகுதூரம் தள்ளி இன்னொன்று.
விடியாத பெரட்டுக் களத்தில்
பெயர் கூப்பிடக் கூப்பிட
ஒவ்வொரு தலைவிளக்காய் எரிகிற மாதிரி.
இத்தனை பெரிய தோட்டத்துக்கு
இவ்வளவுதான் ஆளா?
முப்பத்தெட்டு என்று எழுதினேன்.

டாக்டர் நோர்ஹயாதி நோட்டைப் பார்க்கவில்லை.
"எதிர்ப்பொருள் போடாத கண்ணாடி எங்கே?"

அதையும் வைத்தேன்.
யார் பெயரையும் கூப்பிடாத அந்தக் களத்திலும்
ஓரத்தில் ஒருத்தன் கை தூக்கி நிற்கிறான்,
அதே பச்சை.
சிவப்பணுவாக இருக்கலாம் என்றார்,
ரத்தம் தானாகவே மினுக்கும்.

திரும்ப எண்ணினேன்,
கை இருக்கிறதா, கிளை விரிகிறதா,
நிற்கவேண்டிய நிரையில்தான் நிற்கிறதா என்று.
முப்பத்தொன்று.
ஏழு பேரை ரப்பரால் அழிக்க மனம் வரவில்லை,
மேலே பென்சிலால் ஒரு கோடு.

வெளிச்சம் பட்டால் சுரக்குமாம் இவை.
அப்படியானால் ஆ கியோங்கின் குழல்விளக்கு
கூண்டின் மேல் படக்கென்று எரிந்தபோது
இந்த முப்பத்தொன்றும் வேலைக்கு இறங்கியிருக்கும்,
பொழுது விடிந்தது என்று நம்பி.

இரவு எட்டரை. கதவைப் பூட்டி வெளியே வந்தேன்.
ஆலை விளக்கு கண்ணில் அடித்தது,
பைக் சாவியைக் காணோம்.