தண்ணிப்பட்டை

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
முதுகில் ஊசி போட்டுவிட்டு
கால் தெரிகிறதா என்றார்கள்.
மரத்துப் போச்சு என்றேன்.
சொன்ன பிறகுதான் அந்தச் சொல்
எனக்கே கேட்டது.

பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம்
டாக்டர் என் தொடையில் கத்தியை இழுத்தார்.
பார்க்க முடியவில்லை. தோள் அசைந்த விதம் தெரிந்தது,
அது போதும்.
பதினேழு வருஷமாகக் கீரிப்பாறையில் பால் வெட்டுகிறேன்.
விடியுமுன் முந்நூறு மரம், நெற்றியில் விளக்கு.
ஒரு நாளைக்கு எடுக்கிற பட்டை
தவிட்டுக் கனம்.
அதற்கடியில் ஈரமாய், வழுக்கலாய் ஒன்று இருக்கும்,
தண்ணிப்பட்டை.
கத்தி அதைத் தொட்டால்
அங்கே மறுபட்டை ஒழுங்காய் வராது, முண்டுதான் வரும்.

"எவ்வளவு ஆழம் சார்?"
மயக்க டாக்டர் சிரித்தார்.
கத்தி பிடித்தவர் சிரிக்கவில்லை.
"மயிர்க்குழிக்குள்ளே அடித்தட்டு இறங்கிக் கிடக்கும்மா.
அங்கிருந்து ஏறி மூடிரும். ரெண்டு வாரம்."

இடது கையில் அப்படி எதுவும் மிச்சமில்லை.
ஷீட் அடிக்கும் கொட்டகையில்
ஆசிட் கேன் கவிழ்ந்தபோது
அது கீழ்வரை போய்விட்டது.

கட்டு மாற்ற வந்த சிஸ்டர் ஆல்பினாள் சொன்னாள்:
அடியில் இருப்பது ரெண்டாகும்,
ஒன்று அங்கேயே கிடக்கும்,
மற்றது மேலே ஏறும்.
ஏற ஏறச் சப்பையாகி, வெளியே வரும்போது செத்திருக்கும்.
மாசத்துக்கொரு தடவை நீ புது ஆள்.

"அப்போ சொசைட்டிக் கடன்?"
"அது தோலில் இல்லை அக்கா" என்றாள்,
பஞ்சை நனைத்தபடி.

பதினாறாம் நாள் தொடை மூடியது,
கமுகம்பாளையின் உள்பக்கம் மாதிரி
வெளிறி.
அங்கிருந்து எடுத்தது கையில் பிடித்துக்கொண்டது.
வெயிலே காணாத தோல்
இனி என்னோடு வேலைக்கு வரும்.

ஆவணியில் திரும்பப் போனேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் மரத்தில்
முதல் வருஷம் நான் போட்ட தப்பு வெட்டு
முழங்கை அளவு முண்டாய் நிற்கிறது.
அதன்மேல் கை வைத்தேன்.
மன்னிப்புக் கேட்க இல்லை,
விளக்கைச் சரிசெய்ய.

பால் சொட்டிக் கையில் காய்ந்திருந்தது.
மற்ற இடத்தில் உரித்தால் மயிரையும் பிடுங்கிக்கொண்டு வரும்.
புதுத் தோலில் வலிக்காமல் வந்தது.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
ஒட்டுவதற்கு முன் அவர்கள் கீறி விரித்த
சின்னச் சின்னக் கண்கள்,
மீன்வலை மாதிரி,
ஒன்றுவிடாமல் அச்சாகியிருந்தன.

சுருட்டி
ஒட்டுப்பால் வாளியில் போட்டேன்.
கிலோவுக்கு அதுவும் சேரும்.