பத்து புள்ளி ஏழு

டிரேட்டன் ஊருக்கு வெளியே சரளைத் திடலில்
நாற்பது வண்டிவீடுகள்.
அக்டோபர். சர்க்கரை பீட் அறுவடை.
எனக்கு இரவு ஷிஃப்ட்.

காலை ஆறரைக்கு
களிமண் அப்பிய பூட்ஸோடு கதவைத் திறந்தால்
என் மூச்சு எனக்கே தெரிகிறது.
ஹீட்டர் விசிறி
தூக்கத்தில் நடப்பவனைப் போலச் சுற்றுகிறது.
ஒரு கிளிக். இன்னொரு கிளிக்.
போதிய காற்று வராமல் தீ மூட்டமாட்டேன் என்கிறது.
நியாயம்தான், அதன்மேல் கோபமில்லை.

பேட்டரி போயிருக்கும் என்றார்கள்.
வாரச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துப்
புதுசு வாங்கி மாட்டினேன்.
அதே கிளிக்.

ஞாயிறன்று மழை.
சேற்றில் லாரி இறங்காது, வேலை இல்லை.
பக்கத்து வண்டி ரமீரோ எஸ்கொபேடோ
பேட்டரி அருகே மீட்டரோடு குந்தினார்.
நான் பின்பக்கம், கட்டிலுக்கு அடியில்,
பல்லிடுக்கில் டார்ச்.
"பன்னிரண்டு மூணு, ஆர்டித்!"
மீட்டரை வாங்கி ஹீட்டர் முனையில் வைத்தேன்.
பத்து ஏழு.

நடுவில் யாரோ
ஒன்றரை வோல்ட்டுக்கு மேல்
தின்று தீர்த்திருக்கிறார்கள்.

சுவர்ப் பலகையைக் கழற்றினேன்.
பொம்மை ரயிலுக்குப் போதுமான வயர்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
பாதி வழியில் ஓர் ஒட்டு, அதன்மேல் கறுத்த டேப்.
தொட்டேன், விரலை இழுத்துக்கொண்டேன்.
என் அறைக்கு வரவேண்டிய சூட்டில் ஒரு பங்கு
இங்கேயே தங்கிவிட்டிருந்தது,
சுவருக்குள், யாருக்கும் பயனில்லாமல்.

ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தால்
பத்து இருக்கவேண்டிய இடத்தில் முப்பது.
முதலில் கருக வேண்டியது அது.
இதுவோ வண்டி முழுக்க எரிந்தபின்னும்
சாம்பலில் முழுசாகக் கிடைத்திருக்கும்.
இந்த வயரின்மேல்தான்
ஏழு குளிர்காலம் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

பலகையின் உள்பக்கம் பென்சில் எழுத்து:
தற்காலிகம். ரே. மார்ச் 91.

சிரித்தேன். இருமல் வந்தது.
மைனாட்டில் வீட்டை விற்றபோது
தங்கை லவானிடம் நானும் சொன்னேன்,
ஒரு வருஷம்தான் என்று.

ரமீரோ அடிக்கணக்கு போட்டார். இருபத்து நாலு.
இரட்டிப்பாக்கு என்றேன்.
போனால் மட்டும் போதாது, திரும்பியும் வரவேண்டும்;
முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு
அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.
நாற்பத்தெட்டு அடி, எட்டாம் நம்பர்.
நம்பர் குறையக் குறைய வயர் தடிக்கும்.
கடைக்காரப் பையனிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்தேன்.

பழைய வயரின் வாலில் புதியதைக் கட்டி இழுத்தோம்.
சக்கர வளைவில் சிக்கியது.
பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினார் ரமீரோ,
பிறகு ஸ்பானிஷில் ஏதோ திட்டினார்.
எது வேலை செய்ததோ தெரியாது, வந்தது.
முனைகளை நசுக்கி இறுக்கினேன்,
இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன்.
ஃப்யூஸ் பதினைந்து.

பன்னிரண்டு.
விசிறி சீறிக்கொண்டு எழுந்தது.
கிளிக், பிறகு உள்ளே எங்கோ
துணியை உதறினாற்போல் ஒரு சத்தம்: தீ.

அன்று இரவு மூன்று முறை எழுந்து
சுவருக்குள் கைவிட்டுத் தடவினேன்.
வயர் குளிர்ந்திருந்தது, அறை கதகதத்தது.
முன்பெல்லாம் நேர்மாறு.

பலகையை மூடுமுன் பென்சில் எடுத்தேன்.
எட்டாம் நம்பர். பதினைந்து. தேதி.
ரேயின் சொல்லை அடிக்கவில்லை.
என் பெயர் எழுதவும் கை வரவில்லை.
நாலு திருகில் மூன்றைத்தான் முடுக்கினேன்.

ஃப்ரிட்ஜுக்குப் போகும் வயரை
இன்னும் பார்க்கவில்லை.