ஏழு வீதம்

பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை,
நான்காம் மாடி, தூசு புகாத அறை.
வெள்ளைக் கோட்டு, தலையுறை,
விரல் நுனிகளுக்கு மட்டும் ரப்பர்த் தொப்பி.
வலக்கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு
நாளுக்கு நூற்றியிருபது முகங்களில்
முள் பொருத்துகிறேன்.
முகம் என்பது நான் சொல்வது.
இங்குள்ளவர்கள் இரண்டு மொழியிலும்
அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாசி மாதத்துச் செவ்வாய் ஒன்றில்
ஒரு மணிக்கூடு திரும்பி வந்தது.
கண்ணாடிக்குள், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
ஏதோ ஒட்டியிருந்தது.
மேற்பார்வை பார்க்கும் கீகாக்ஸ் அம்மா
நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினார்:
ஓரம் சுருண்ட செதில்.
"தோல்" என்றார்.
"யாருடையதாகவும் இருக்கலாம்."
வரிசையில் ஏழு பேர். அதில் ஆறு பேர் வெளிறியவர்கள்.
செதில் நிறம் ஒன்றும் சொல்லவில்லை.
நான்தான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

அன்று பின்னேரம்
நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில்
கிளைகோலிக், ஏழு வீதம், சின்னப் போத்தல்.
முதுகில் மூன்று மொழி.
மூன்றிலும் வாசித்தேன், மூன்றிலும் அமிலம்.
கை பின்வாங்கியது.
"கரும்பிலும் இருக்கிறதே" என்றாள் கடைப்பெண்.
கரும்பா?
பொங்கலுக்குப் பேர்னில் துண்டு எட்டு பிராங்குக்கு வாங்கி
உதட்டோரம் கிழியக் கிழியக் கடிக்கிறேனே, அதுவா?
அப்படியென்றால் பழக்கம்தான்.

இறந்த கலங்கள்
போக மனமில்லாமல் ஒன்றையொன்று பிடித்துக் கிடக்குமாம்.
அந்தப் பசையை இது இளக்கும்.
தேய்ப்பதில்லை, சுரண்டுவதில்லை,
பிடியைத் தளர்த்திவிட்டு நகர்ந்துவிடும்.
மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த கிழமை போனபோது
எரிகிறதா என்று ஜெர்மனில் கேட்டாள்,
குத்துகிறதா என்று பிரெஞ்சில்.
எரிவுமில்லை குத்துமில்லை பெண்ணே,
சுணை.
வைக்கோலில் புரண்டு எழும்பினால் வருமே, அது.
இரண்டு நிமிடம், பிறகு இல்லை.
எப்படி அவளிடம் கொடுப்பேன் அந்தச் சொல்லை?
"கொஞ்சம்" என்று சொல்லிக் காசைக் கட்டினேன்.

லோசானிலிருந்து மங்களேஸ் எடுத்தாள்.
"வெள்ளையாக்குமோடி?"
இல்லை.
பரு விட்டுப்போன புள்ளிகள் மங்குது,
தாடையோரக் கருந்திட்டு கரையுது,
மூக்குச் சொரசொரப்பு போயிட்டுது.
என்ர கறுப்பு அப்பிடியே இருக்கு,
மழை விட்ட தார் றோட்டு மாதிரி மினுங்குது.
"அப்ப ஏன் காசைக் கரியாக்கிறாய்?"
ஆகட்டுமே. கரி எனக்கு அந்நியமோ?
சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.
மறுநாள் போத்தலின் பெயர் கேட்டுச் செய்தி வந்தது.

ஆசை யாரை விட்டது.
பங்குனியில் தொடர்ந்து நாலு இரவு பூசினேன்.
ஐந்தாம் காலை
சிரித்தால் வெடிக்கும் போலிருந்தது முகம்.
கடைப்பெண் ஏசினாள், இம்முறை ஒரே மொழியில்:
கிழமைக்கு இரண்டு இரவு போதும்.
பகலில் வெயில் தடுக்கும் பூச்சு.
வெயிலா?
யுரா மலையிலிருந்து இறங்கிய பனிப்புகார்
ஏரியையே காணாமலாக்கியிருந்தது.
முகிலுக்குப் பின்னாலும் சூரியன்தான் என்று
இரண்டாவது போத்தலையும் விற்றுவிட்டாள்.
தொழிற்சாலை வாசலில் அதைத் துடைக்க வேண்டும்;
பூச்சோடு உள்ளே விடமாட்டார்கள்.
மாலையில் மறுபடி பூசிக்கொண்டு பேருந்துக்கு நிற்பேன்,
இருட்டுக்கு எதிராக.

இப்போது சித்திரை.
கீகாக்ஸ் அம்மா ஒருநாள்
"நல்லாய்த் தூங்குகிறீர்கள் போல" என்றார்.
ஆமாம் என்றேன். பொய்.

இரவில் போத்தலை மூடும்போது யோசிப்பேன்:
திரும்பி வந்தது ஒன்று.
வராமல் போனவை?
என் ஐந்து மாதச் சம்பளத்தைக் கையில் கட்டியிருக்கும்
எவரோ ஒருவர்
எங்கோ ஒரு கூட்டத்தில் கொட்டாவியோடு நேரம் பார்க்கிறார்.
நாலரை.
முள்ளுக்கடியில்
என் இடக்கன்னத்தில் ஒரு துண்டு.